சில்லறைக் கட்டில் வந்த பேப்பர்

லண்டனில் பேப்பர் கடைக்காரனுக்கு நாள் தொடங்குவது விடிவதற்கு முன்னால். ஐந்து மணிக்கு முன்பே விநியோக வான் வந்து கட்டுகளைக் கடை வாசலில் எறிந்துவிட்டுப் போய்விடும். பிளாஸ்டிக் பட்டியைக் கத்தியால் அறுத்து, துண்டில் எழுதியிருக்கிற எண்ணிக்கையோடு ஒவ்வொன்றையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சன், மிரர், மெயில், டெலிகிராஃப் எல்லாம் தனித்தனிக் கட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சில்லறைக் கட்டு கிடக்கும். ஐந்து பிரதி, பத்துப் பிரதி என்று குறைவாக வருகிற பேப்பர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது அது. குதிரைப் பந்தயப் பேப்பர், ஐரிஷ்காரரின் பேப்பர், அரபுப் பேப்பர் ஒன்று, இவற்றுக்கு நடுவில் 'ஜென்னிக் போல்ஸ்கி'. போலிஷ் மொழியில் லண்டனிலேயே வெளிவந்த நாளிதழ்.

நான் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவன். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசிலும், சீட்டுக் காசிலும், மச்சானிடம் மாறிய காசிலும் மேற்கு ஈலிங்கில் இந்தக் கடையை ஒரு குஜராத்திக்காரரிடம் வாங்கினேன். அவர் ஒரு ஆங்கிலேயரிடம் வாங்கியிருந்தார். பிள்ளைகள் டொக்டரும் எக்கவுண்டனுமாகிவிட்டதால் எனக்கு விற்றார். லண்டன் பேப்பர் கடைகளில் பாதிக்கு மேல் சரித்திரம் இவ்வளவுதான்.

திறப்பைத் தரும்போது அவர் சொன்ன புத்திமதிகளில் பலவற்றை மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. "சன் வரவில்லை என்றால் கவலைப்படாதே, வந்தவன் மிரரை எடுத்துக்கொண்டு போவான். போலந்துக்காரரின் பேப்பர் வரவில்லை என்றால் உடனே போன் எடு. அவர்கள் வேறொன்றும் எடுக்க மாட்டார்கள். அடுத்த நாள் வந்து நேற்றையதையும் கேட்பார்கள்."

அது உண்மை. நேற்றைய பேப்பரைக் காசு கொடுத்து வாங்குகிற சனத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் தொழிலில் நேற்றைய பேப்பர் என்பது விற்காததைக் கட்டித் திருப்பி அனுப்பிக் கழிவு எழுதுகிற சாமான். இவர்களுக்கோ ஒரு நாள் விட்டுப்போனால் ஏதோ கணக்கில் இடித்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த கிழவர் ஒருவர், "எல்லாம் எடுத்து வைத்தாயா?" என்று கேட்டு, மேசைக்கடியில் நான் பெயர் எழுதிச் சேர்த்து வைத்திருந்த முழு அடுக்கையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

யார் இவர்கள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ரை கட்டி, சப்பாத்து மினுக்கி, தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பேப்பரைத் தொடுவார்கள். மனுசிமாரைக் கண்டால் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள். என் மனைவி முதல் முறை பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். மெல்ல மெல்லத்தான் கதை வந்தது.

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை மேற்கிலிருந்தும், பதினேழாம் தேதி ஸ்டாலினின் படை கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் புகுந்தன. நாட்டைவிட்டு வெளியேறிய அரசு முதலில் பிரான்சில் இருந்தது. 1940 ஜூனில் பிரான்சும் விழ, லண்டனுக்கு வந்தது. வந்த கையோடு ஒரு பேப்பரைத் தொடங்கிவிட்டார்கள். ஜென்னிக் போல்ஸ்கியின் முதல் இதழ் 1940 ஜூலை 12இல் வந்தது. ஸ்கொட்லாந்தில் முகாமிட்டிருந்த போலந்துப் படையினருக்குத் தனியாக ஒரு 'சிப்பாய் நாளிதழ்' இருந்தது. 1944 தொடக்கத்தில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அதனால் தலைப்பில் இரண்டு பெயரும் சேர்ந்தே நின்றன. சண்டை முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நான் தினமும் தட்டில் அடுக்கிய பேப்பரின் நெற்றியில் அந்தச் சிப்பாய் இருந்தான்.

சண்டையில் வென்ற பக்கத்தில் நின்றும் ஊருக்குப் போக முடியாமல் போனவர்கள் இவர்கள். யால்டாவில் மூன்று பெரியவர்கள் மேசையில் கோடு போட்டபோது போலந்தின் கிழக்குப் பாதி சோவியத் யூனியனுக்குப் போய்விட்டது. லண்டனிலிருந்த படையினர் பலருடைய வீடு அந்தப் பாதியில்தான், லெவோவிலும் வில்னோவிலும் அவற்றைச் சுற்றிய கிராமங்களிலும், இருந்தது. திரும்பிப் போவதென்றால் போலந்துக்கல்ல, வேறொரு நாட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பே சைபீரியாவுக்குப் பிடித்துப் போகப்பட்டு உயிர் தப்பி வந்தவர்கள் வேறு. அவர்களிடம் போய் ஸ்டாலினை நம்பு என்று யார் சொல்வது? 1945 ஜூலையில் பிரிட்டன் லண்டனிலிருந்த போலந்து அரசுக்குக் கொடுத்த அங்கீகாரத்தை எடுத்துவிட்டு வார்சாவில் உட்கார்ந்த அரசை ஏற்றுக்கொண்டது. 1947இல் ஒரு சட்டம் போட்டு இவர்களை இங்கேயே இருக்க விட்டது. 1951 குடிசன மதிப்பீட்டில் போலந்தில் பிறந்தவர்கள் 162,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அரசு என்ற பெயரில் சில அறைகளும் ஒரு ஜனாதிபதியும் லண்டனில் தொடர்ந்தார்கள். பேப்பரும் தொடர்ந்தது.

பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்தவர்கள் லண்டனில் என்ன வேலை செய்தார்கள் தெரியுமா? ஆர்னெம் சண்டையில் பரசூட் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் சொசபோவ்ஸ்கி எங்கள் கடைக்கு அடுத்த ஊரான அக்டனில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நோர்மண்டியில் கவசப் படையை நடத்திய ஜெனரல் மாச்செக் எடின்பரோவில் ஹோட்டல் பாரில் நின்று குடிவகை ஊற்றினார். பெரிய ஹோட்டல்களில் வெள்ளிப் பாத்திரம் மினுக்கிய அதிகாரிகள் தங்களுக்குத் தாங்களே 'வெள்ளிப் படை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்களாம். பெற்றோல் ஸ்டேசனில் எனக்கு இரவு வேலை பழக்கியவர் ஊரில் ஒரு கல்லூரியின் உப அதிபர். ஆகவே இந்தக் கதைகளில் எனக்குப் புதிதாக ஆச்சரியப்பட ஒன்றுமிருக்கவில்லை.

இனிப் பேப்பரைப் பற்றி. பொதுவாகப் பேப்பர் வாங்குகிறவன் எப்படித் திறக்கிறான் என்று பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். மிரர்க்காரன் பின்பக்கத்தில் உதைபந்தாட்டம் பார்ப்பான். டெலிகிராஃப் வாங்குகிற ஐயா முதற்பக்கத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு போவார், கடைக்குள் திறக்க மாட்டார். ஜென்னிக் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி. காசைக் கொடுத்துவிட்டு, வாழ்த்து அட்டைத் தட்டுப் பக்கம் ஒதுங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக மரண அறிவித்தலுக்குப் போவார்கள். கறுப்புக் கட்டம், மேலே ஒரு சிலுவை. அதை முழுக்கப் படித்து முடித்தபிறகுதான் உலகச் செய்தி, போலந்துச் செய்தி எல்லாம். சில நாளில் அங்கேயே நின்று ஒருவர் மற்றவருக்கு விரலால் காட்டுவார். இருவரும் கொஞ்ச நேரம் கதைக்க மாட்டார்கள்.

போலிஷ் எனக்கு வராது. ஆனால் அந்தக் கட்டங்களை வாசிக்கப் பழகிவிட்டேன். முதலில் 'காலஞ்சென்ற' என்பதற்கு இரண்டு எழுத்துச் சுருக்கம், பிறகு பெயர், பெயருக்கு முன்னால் அல்லது கீழே பட்டாளத்துப் பதவி, எந்தப் படைப்பிரிவு, பெற்ற பதக்கங்கள், மொண்டே காசினோச் சண்டைக்கான சிலுவை இருந்தால் கட்டாயம் அது. பிறந்த ஊர். பிறகு பூசை எந்தக் கோயிலில், எந்தச் சவக்காலை. கடைசியில் துயருறும் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள், படைத் தோழர்கள். எங்களுடைய அறிவித்தலைப் போலவே இருந்ததால்தான் சுலபமாகப் பிடிபட்டது. யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற இன்ன பதவியுமான என்று நாங்கள் போடுவதில் எது முன்னே, எது பின்னே என்பதற்கு ஒரு முறை இருக்கிறதல்லவா? அதே முறைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், வழக்கமாகப் பேப்பர் எடுக்கிற ஒரு கிழவரின் மகள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கதைத்தால் தனி லண்டன்காரி. தகப்பன் இறந்துவிட்டார், பேப்பரை நிற்பாட்ட வேண்டும், ஆனால் அதற்கு முன் அதில் ஒரு அறிவித்தல் போட வேண்டும், எங்கே போவது என்று கேட்டாள். அலுவலகம் ஜெடோ றோட்டில், 207 பஸ்ஸில் ஏறி ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் போனால் இறங்கி நடக்கலாம் என்று சொன்னேன். அவள் போகாமல் நின்றாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த போலிஷ்தான் தனக்கு, எழுதினால் பிழை வரும், அம்மாவும் இல்லை என்றாள். திருப்பி அனுப்பக் கட்டியிருந்த பழைய பேப்பரிலிருந்து ஒன்றை உருவி, மரண அறிவித்தல் பக்கத்தைக் கவுண்டரில் விரித்து வைத்தேன். இந்த இடத்தில் பதவி வரும், இந்த இடத்தில் படைப்பிரிவு, இங்கே பதக்கம் என்று காட்டிக்கொண்டு போனேன்.

"அப்பா என்ன பதவியில் இருந்தார்?"

அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா பார்க் ரோயலில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்தவர். வீட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் பட்டாளத்துக் கடதாசிகள் இருக்கின்றன, அதைத் தான் ஒருபோதும் திறந்ததில்லை என்றாள். போய்த் திறந்து பாருங்கோ, இல்லாவிட்டால் அவருடைய சங்கத்து ஆட்களிடம் கேளுங்கோ, பதவி இல்லாமல் போடாதேயுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.

சில நாள் கழித்து அறிவித்தல் வந்தது. லெப்டினன்ட், ஐந்தாவது கிரெசோவா டிவிஷன், வீரச் சிலுவை. பிறந்த ஊர் இப்போது உக்ரெய்னில். அவள் ஐந்து பிரதி வாங்கினாள். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த இந்தியர் ஒருவரும் எங்கள் வாடிக்கையாளர். அவரிடம் காட்டியபோது, "அந்த மனுசன் லெப்டினன்ட்டா? எங்களோடு நின்று பெட்டி அடுக்கிய ஆளல்லவா?" என்றார்.

ஒரு சிறுபான்மைச் சனத்தின் பேப்பர் எதற்கு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். செய்தி பி.பி.சி.யிலும் கிடைக்கும். லண்டன் உங்களுக்கு ஒரு மேலாடையையும் சம்பளத் துண்டையும் தரும். உங்களுடைய பதவியை வைத்திருந்து தருவது அந்தப் பேப்பர் ஒன்றுதான். வார்சாவிலிருந்த அரசு தர மறுத்தது, இங்கிலாந்து அறியவே இல்லை. சில ஆயிரம் பேர் வாசிக்கிற ஒரு தாளில் அது பத்திரமாக இருந்தது.

இறந்தவர்களின் கணக்கை வைத்திருப்பது சின்ன வேலையல்ல. 1940 வசந்தத்தில் சோவியத் இரகசியப் பொலிஸ் ஏறக்குறைய 22,000 போலந்து அதிகாரிகளையும் கைதிகளையும் சுட்டுப் புதைத்தது. அந்த இடங்களில் ஒன்றான கத்தீன் காட்டின் பெயரே எல்லாவற்றுக்கும் நிலைத்தது. மொஸ்கோ அரை நூற்றாண்டு காலம் ஜெர்மன்காரர் செய்தது என்று சாதித்தது. போலந்துக்குள் அச்சான எந்தப் பேப்பரிலும் உண்மையை எழுத முடியாது. எழுதக்கூடிய இடம் லண்டன் மாதிரி வெளியூர்கள்தான். எங்கள் கடையிலிருந்து கொஞ்சத் தூரத்திலுள்ள கன்னர்ஸ்பரி சவக்காலையில் 1976 செப்டம்பரில் இவர்கள் கத்தீனுக்கு ஒரு கறுப்புத் தூண் எழுப்பினார்கள், அதில் 1940 என்று ஆண்டு பொறித்தார்கள். ஆண்டைப் பொறித்ததுதான் சண்டை. 1940 என்றால் ரஷ்யர், 1941 என்றால் ஜெர்மன்காரர். மொஸ்கோவைப் பகைக்க விரும்பாத பிரிட்டிஷ் அரசு திறப்பு விழாவுக்குப் பிரதிநிதி அனுப்பவில்லை. 1990 ஏப்ரலில் கொர்பச்சோவ் காலத்து மொஸ்கோ கடைசியில் ஒத்துக்கொண்ட செய்தி வந்த நாள் சில்லறைக் கட்டில் வந்த பிரதிகள் ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட்டன. வந்தவர்கள் சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை. "இவ்வளவு காலமும் நாங்கள் எழுதினது பொய்யில்லை என்று இனி ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார் ஒருவர், வழக்கு முடிந்த களைப்பில் கதைக்கிற ஆளைப்போல.

அதே வருடம் டிசம்பர் 22இல் லண்டனிலிருந்த கடைசி ஜனாதிபதி கச்சொரோவ்ஸ்கி வார்சா அரண்மனைக்குப் போய், தேர்தலில் வென்ற லெக் வலேசாவிடம் போருக்கு முந்திய ஆட்சிச் சின்னங்களை ஒப்படைத்தார். கச்சொரோவ்ஸ்கியும் சைபீரியச் சிறையிலிருந்து மொண்டே காசினோ வழியாக வந்தவர்தான். லண்டனில் கணக்காளர் வேலை பார்த்தவர். அந்த நத்தார் வாரம் கடைக்கு வந்தவர்களிடம், "இனி ஊருக்குப் போவீர்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றார்கள் சிலர். ஒருவர் மட்டும் என்னைத் திருத்தினார். "தம்பி, போலந்துக்குப் போகலாம். ஊருக்கு எப்படிப் போவது? அது இன்னமும் அங்கே இல்லையே."

அவர்களுக்குள் ஒரு அம்மா இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. என்னைக் கண்ட நாளிலிருந்து "ஏக், தோன், தீன்" என்று எண்ணித்தான் சில்லறை தருவார். நான் யாழ்ப்பாணத்தான், எனக்கு மராத்தி தெரியாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார். சைபீரியாவிலிருந்து ஈரானுக்கு வந்து, அங்கிருந்து சின்னப் பிள்ளையாகக் கோலாப்பூருக்கு அனுப்பப்பட்டவர். கோலாப்பூருக்குப் பக்கத்தில் வலிவடே என்ற இடத்தில் 1943 முதல் 1948 வரை போலந்து அகதிகளுக்கு ஒரு முகாம் இருந்தது. ஏறக்குறைய 5,000 பேர், பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும். கோயில், பள்ளிக்கூடம், சாரணர் படை எல்லாம் போலிஷில் நடந்தன. பம்பாயிலிருந்து அவர்களுக்கென்று ஒரு போலிஷ் பேப்பரும் வந்தது. தெஹ்ரானில் ஒன்று, கோலாப்பூரில் ஒன்று, இங்கிலாந்தில் தகரக் கொட்டகை முகாமில் ஜென்னிக், இப்போது உன்னுடைய கடையில் ஜென்னிக் என்று விரல்விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: "போலந்துப் பேப்பரை நான் போலந்தில் ஒருநாளும் வாசித்ததில்லை."

2004 மே முதலாம் தேதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பழைய அங்கத்துவ நாடுகளில் பிரிட்டனும் அயர்லாந்தும் சுவீடனும்தான் உடனே வேலைக் கதவைத் திறந்தன. விக்டோரியா பஸ் நிலையத்தில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001இல் போலந்தில் பிறந்தவர்கள் 58,000 அளவில் இருந்தார்கள், 2011இல் 579,000. இங்கிலாந்தில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாக அதிகம் பேரின் முதன்மை மொழி போலிஷ் என்றாகிவிட்டது. மெதடிஸ்ட்காரரிடம் வாங்கிய வின்ட்சர் றோட்டுக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உள்ளே இடமில்லாமல் சனம் நடைபாதையில் நிற்கும். எங்கள் கனகதுர்க்கை அம்மன் தேருக்கு மட்டுமே அப்படிக் கூட்டத்தை ஈலிங்கில் கண்டிருந்தேன்.

வாசிக்கத் தெரிந்தவன் பத்து மடங்கானால் பேப்பரும் பத்து மடங்கு போக வேண்டும். வியாபாரியின் கணக்கு அப்படித்தான். நானும் விநியோகஸ்தருக்குப் போன் எடுத்துப் பிரதியைக் கூட்டச் சொன்னேன். கடையிலும் மாற்றம் செய்தேன். பிரித்தானியப் பியர் வைத்த தட்டில் திஸ்கியேயும் ஷிவியெட்ஸும் ஏறின. குளிர்பெட்டியில் கபனோஸ், போத்தலில் உப்பிட்ட வெள்ளரிக்காய், புளித்த கோவா. யாழ்ப்பாணத்துக் கடைகள் எல்லாம் அந்தக் காலத்தில் போலந்துக் கடைகளாக மாறின என்றே சொல்லலாம். எல்லாம் விற்றன. பேப்பர் மட்டும் விற்கவில்லை. கூட்டிய பிரதி அப்படியே திருப்பி அனுப்பும் கட்டுக்குள் போனது.

ஏன் என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. வந்த பொடியன்களில் யாராவது ஜென்னிக்கை எடுத்துப் புரட்டுவான். ஒரு படைப்பிரிவின் ஆண்டு நினைவு, ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டம், பின்னால் கறுப்புக் கட்டங்கள். சிரித்துக்கொண்டு திருப்பி வைத்துவிடுவான். "இது என் தாத்தாவின் பேப்பர்" என்றான் ஒருவன். அவனுக்கு வேண்டியது வேலை, அறை, வரி இலக்கம், ஊருக்குப் போகும் வான் எத்தனை மணிக்கு என்பது. அதற்கெல்லாம் பேப்பர் வாங்கத் தேவையில்லை. பேப்பர் கடைக் கண்ணாடியில் ஒட்டுகிற அட்டைகள் போதும். ஹாமர்ஸ்மித்தில் போலந்துப் பண்பாட்டு நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையின் கண்ணாடி முழுக்க இப்படி அட்டை. அதற்கு அவர்கள் 'அழுகைச் சுவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் கண்ணாடியிலும் வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒட்டினேன். அறுபது வருடப் பேப்பரின் சிறு விளம்பரத்தை ஒரு கண்ணாடி தின்றுகொண்டிருந்தது.

பிறகு இலவசப் பத்திரிகைகள் வந்தன. கூல்துரா, கொனியெட்ஸ் போல்ஸ்கி, இன்னும் சில. பளபளவென்று கலரில், முழுக்க விளம்பரம். அவற்றைக் கொண்டுவந்தவன் அனுமதிகூடக் கேளாமல் வாசலில் அடுக்கிவிட்டுப் போவான். எனக்குச் சதமும் கமிஷன் இல்லை. ஆனால் அதை எடுக்க வருகிறவன் பியரும் எடுப்பான் என்பதால் நானும் பேசாமல் விட்டேன். பக்கத்தில் எங்கள் 'ஒரு பேப்பர்' அடுக்கும் இருந்தது. அதுவும் இலவசம்தான். காசுக்கு விற்கிற பேப்பர்க்காரன் வாசலில் சும்மா கொடுக்கிற பேப்பர் இரண்டு அடுக்கு.

ஜென்னிக் சும்மா இருக்கவில்லை. புதியவர்களையும் பிடிக்கப் பார்த்தது. ஆனால் இரண்டு சனத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எழுத்தால் தீர்கிறதல்ல என்பது என் எண்ணம். பழையவர்கள் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். புதியவர்கள் மலிவு விமானத்தில் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவர்கள். போலந்து அவர்களுக்குக் கைத்தொலைபேசிக்குள் இருந்தது, வார்சாப் பேப்பரையே படுக்கையில் கிடந்து வாசித்தார்கள். லண்டனில் கட்டட வேலை செய்த பொறியியலாளருக்குத் தன்னுடைய பட்டத்தை யாரும் பத்திரப்படுத்தித் தரத் தேவையில்லை. அது ஊரில் சுவரில் தொங்குகிறது, போகிற நேரம் எடுத்துக்கொள்வார். பழையவர்கள் இதை வேறு மாதிரிச் சொன்னார்கள். புதியவர்கள் பஸ்ஸில் உரத்துத் தூஷணம் கதைக்கிறார்கள், தொப்பி எடுக்கத் தெரியாது, இது எங்களுடைய போலிஷ் இல்லை என்று என்னிடம் முறையிட்டார்கள். எங்கள் சனத்திலும் எண்பத்து மூன்றுக்கு முன் படிக்க வந்தவர்கள் பிறகு வந்த எங்களைப் பற்றி இதையேதான் சொன்னார்கள். அதனால் தலையை ஆட்டிக்கொண்டேனே தவிர ஒத்துப்போகவில்லை.

இரண்டு முறை மட்டும் இருவரும் ஒரே பேப்பருக்கு வரிசையில் நின்றதைக் கண்டேன். 2005 ஏப்ரல் 2, சனி இரவு, போப் இரண்டாம் ஜோன் போல் இறந்தார். திங்கட்கிழமை காலை நான் கட்டை அறுக்க முன்பே வாசலில் ஆட்கள். சீமெந்து படிந்த சப்பாத்தோடு பொடியன்களும், கறுப்புக் கோட்டோடு கிழவர்களும். இரண்டாவது 2010 ஏப்ரலில். கத்தீனின் எழுபதாவது ஆண்டு நினைவுக்குப் போன போலந்து ஜனாதிபதியின் விமானம் ஸ்மொலென்ஸ்க்கில் விழுந்து ஏறியிருந்த 96 பேரும் இறந்தார்கள். அதில் லண்டனிலிருந்து போன கச்சொரோவ்ஸ்கியும் ஒருவர். அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்க்கக் கோலாப்பூர் அம்மா பேத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த முறை அவர் எண்ணிச் சில்லறை தரவில்லை, தாளை நீட்டினார்.

அதற்குப் பிறகு குறைவுதான். வாடிக்கைப் பெயர்கள் எழுதிய கொப்பியில் நான் கோடு போட்ட பெயர்கள் கூடிக்கொண்டே போயின. இது எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத ஒரு விசயம்: வாடிக்கையாளர் ஒருவர் இறந்ததை முதலில் அறிகிறவர்களில் பேப்பர் கடைக்காரனும் ஒருவன். இரண்டு நாள் பேப்பர் மேசைக்கடியில் கிடந்தால் வீட்டுக்குப் போன் எடுப்பேன். ஜென்னிக்காரரைப் பொறுத்தவரை அதுவும் தேவைப்படவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதே பேப்பரின் கடைசிப் பக்கங்களில் ஆள் வந்துவிடுவார், பதவியோடு.

2015இல் நாளிதழை நிறுத்தி வாரப் பேப்பராக்கினார்கள். முன்பு வார இறுதிப் பதிப்பாக வந்த 'திஜென் போல்ஸ்கி' என்ற பெயரிலேயே இப்போது வருகிறது. எழுபத்தைந்து வருடம் ஒரு அகதிச் சனம் நாளிதழ் நடத்தியது என்பது, எங்கள் ஆட்கள் லண்டனிலும் பாரிசிலும் தொடங்கி மூடிய பேப்பர்களை எண்ணிப் பார்க்கும்போது, எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. 1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பேப்பரின் அலுவலகத்தையும் எரித்தார்கள். எரித்தவனுக்குப் பேப்பரின் பெறுமதி விளங்கியிருந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டியவர்களுக்குத்தான் எப்போதும் சந்தேகம்.

கடையை இப்போது மகன் பார்க்கிறான். பேப்பரால் வருகிற கமிஷனைவிட வான்காரன் அறவிடும் விநியோகக் கட்டணம் கூடிவிட்டது, பேப்பரை முழுக்க நிற்பாட்டிவிட்டு அந்தத் தட்டில் வேப் வைப்போம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வது சரி. சனும் மிரரும் பாதியாகக் குறைந்துவிட்டன. நான் அவனிடம் சொன்னது, நிற்பாட்டுவதானால் சன்னை முதலில் நிற்பாட்டு என்பதுதான். போலந்துப் பேப்பருக்கு வருகிற ஐந்தாறு பேரும் பாணும் பாலும் எடுக்காமல் போவதில்லை. சன் வாங்குகிறவன் சன்னை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கும் ஐம்பது பவுண் தாளை நீட்டுவான்.